சாவி இல்லாத கீசெயின்

உட்கார்ந்தவுடன் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் கார் ஷோரூம் சோபா அது. கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. இன்றைக்குப் பார்த்து அவசரமாக எழ வேண்டி வந்தால் என்ன செய்வது என்று துளசிமணி விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தாள், பட்டுப்புடவை வழுக்கியது, மறுபடியும் உள்ளே போனாள். எதிரே சிவப்புத் துணி போர்த்தி நின்றது வண்டி. துணியின் தலைமாட்டில் பெரிய ரோஸ் கலர் ரிப்பன் பூ. ஏசிக் காற்று முழங்காலிலேயே வந்து அடித்தது. மெஷினில் பிடித்துக் கொடுத்த காபி கையில் ஆறிக்கொண்டிருந்தது, குடிக்க மனசில்லை, குடிக்காமல் வைத்தால் கொடுத்த பெண் ஏதாவது நினைத்துக்கொள்ளும். அந்தப் பெண் கீர்த்திகா, கோட்டுப் போட்ட விற்பனைப் பெண், கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு தாளாகப் புரட்டி இங்க சார், இங்க சார் என்று விரல் வைக்க, வைத்த இடத்திலெல்லாம் துளசிமணியின் வீட்டுக்காரர் சென்னியப்பன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். புதுச் சட்டை, காலரில் இன்னும் கடையின் விறைப்பு போகவில்லை. கோடு தாண்டாமல் எழுதுகிறார். நேராக இருப்பதெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது அவருக்கு. பேப்பர் படிக்கிறார், கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிறார், பஸ் நம்பரை அவளுக்கு முன்னால் படித்துவிடுகிறார். இடப்பக்கம்தான். இடப்பக்கம் வருவது எதுவும் அவருக்குத் தெரிவதில்லை. இது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. பத்தரைக்கு மேல் நல்ல நேரமாம். அதற்குப் பிறகு அவர் அந்தத் துணிக்குள் இருப்பதை எடுத்துக்கொண்டு பெருந்துறை ரோட்டில் இறங்கிவிடுவார். அதற்குள் அவள் வாயைத் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் பேசாமல் ஏறி அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பக்கம் என்றால் இடப்பக்கம்.

"முழுப் பணமும் கட்டி வண்டி எடுக்கறவங்க இப்பெல்லாம் ஆருமே இல்லீங்கம்மா," என்று கீர்த்திகா திரும்பி அவளிடம் சிரித்தாள். பாராட்டா பரிதாபமா என்று பிடிபடவில்லை, துளசிமணியும் சிரித்து வைத்தாள். போன வாரம் முழுக்க இந்தப் பெண் அவரைக் கடனுக்குள் இழுக்கப் பாடாய்ப் பட்டது. லோன் போட்டால் தள்ளுபடி, லோன் போட்டால் சீட் கவர் இலவசம், பாதிக்காவது போட்டுக்கொள்ளுங்கள் மீதிப் பணம் பேங்கில் கிடக்கட்டும். மேனேஜரே எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார், கடன் வேண்டாம் என்கிற ஆளிடம் என்னவோ வில்லங்கம் இருக்க வேண்டும் என்பதுபோல. "ஏங்கண்ணு, நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் பைனான்ஸ் கம்பெனில குப்பை கொட்டுனவன், எங்கிட்டயே லோன் கதை சொல்றயா?" என்று இவர் சிரித்தார், அந்தப் பெண்ணுக்கு முகம் சின்னதாகிவிட்டது. பைனான்ஸ் கம்பெனி என்றால் வண்டிக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி. அதில் வசூல் பிரிவு. வசூல் என்பது மரியாதைக்குச் சொல்வது, தவணை தவறியவன் வாசலில் போய் நின்று வண்டியை எடுத்துக்கொண்டு வருவதுதான் வேலை, ஊரில் அதற்கு சீஸ் பண்ணுவது என்று பேர். ஊராரின் கடனில் சோறு தின்றவர் தனக்கென்று வரும்போது ஒரு பைசா கடன் கூடாது என்று நின்றார். நின்றார் சரி, ஆனால் தவணை என்ற ஒன்று இல்லாமல் அவரால் இருக்க முடியாதே, ரத்தத்தில் ஊறிவிட்டது, அதனால் வண்டி இல்லாமலே தவணை கட்ட ஆரம்பித்துவிட்டார். மகள் பிரவீணா காலேஜில் சேர்ந்த வருசம் அது. மாதம் அஞ்சாம் தேதி தபால் ஆபீஸ் போய் வண்டிக்கென்று தொடங்கிய சேமிப்பில் பணம் போட்டுவிட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே "டியூ கட்டியாச்சு புள்ள" என்பார். ஒருமுறை பிரவீணாவின் பரீட்சைப் பணம் குறுக்கே வந்து மூன்று நாள் தள்ளிப்போயிற்று, தனக்குத் தானே அபராதம் போட்டுக்கொண்டு அந்த மாதம் முழுக்க பேக்கரி டீயை நிறுத்திவிட்டார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கட்டாமயே உட்டா என்ன பண்ணுவீங்க? உங்க வண்டிய நீங்களே வந்து சீஸ் பண்ணிப்போடுவீங்களா?" "பண்ணிப்போடுவேன்," என்றார், சிரிக்காமல். அப்போது அது விளையாட்டாக இருந்தது. இப்போது ஏன் அது ஞாபகம் வருகிறது, வேறு எதையாவது நினைக்கலாம், காபியை நினைக்கலாம்.

காபியைக் குடித்தாள். சர்க்கரைத் தண்ணி. சென்னியப்பன் பேனாவை மூடிவிட்டுச் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பது தெரிந்தது, பையில் இருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியும், காலையில் ஆணியிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் போட்டதைப் பார்த்தாள். பித்தளை வேல் தொங்கும் கீசெயின். தவணை கட்ட ஆரம்பித்த வருசம் சென்னிமலைக்குப் போனபோது வாங்கியது. சாவி இல்லாத கீசெயின். காலண்டருக்குப் பக்கத்தில் அதற்கென்று ஓர் ஆணி, இத்தனை வருசமாக அந்த ஆணியில் வேறு எதையும் மாட்ட விட்டதில்லை. ஆயுத பூஜைக்கு விளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள், வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பரை ஒருத்தர், "ஏனம்மிணி, எல்லாரும் வண்டிக்குப் பூசை போடுவாங்க, நீங்க கீசெயினுக்குப் போடறீங்களே" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார். சிரிக்கட்டும். ஆனால் கீசெயின் பற்றி சென்னியப்பனுக்குத் தெரிந்த ஒன்று சிரித்தவருக்குத் தெரியாது. தொழிலைப் பற்றி வீட்டில் பேசுகிறவர் இல்லை. எப்போதாவது, சோறு சரியாக இறங்காத ராத்திரிகளில் மட்டும் நாலு வார்த்தை. அவர் யாரிடமிருந்தும் சாவியைப் பிடுங்கியதில்லையாம். மற்றவர்கள் காலரைப் பிடிப்பார்கள், பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் கத்துவார்கள். இவர் போய் வாசலில் நிற்பார், உள்ளங்கையை விரித்து நீட்டுவார், "சாவியக் குடுங்கண்ணா, மத்ததப் பொறவு பேசிக்கலாம்" என்பார், அவ்வளவுதான், குரல் உயராது. எதிரே நிற்கிறவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பான், பிறகு சாவியை எடுப்பான், எடுத்தவன் உடனே கொடுக்க மாட்டான், முதலில் கீசெயினைக் கழற்றிக்கொள்வான். சாமி படமோ, பிள்ளையின் போட்டோவோ, ஏதோ ஒன்று இருக்கும் அதில். வளையத்தில் நகத்தைக் கொடுத்துப் பிரிக்கக் கை நடுங்கும், வராது, ரொம்ப நேரம் ஆகும். "அப்ப மட்டும் நான் அவசரப்படுத்த மாட்டேம் புள்ள. எம்பட கையில வர்றது வெறுஞ்சாவிதான். வண்டி நம்முதில்லைன்னு அவனுக்கு அப்பத்தான் உறைக்கும்." அன்றைக்கு அவர் மோரைக் கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். கடன் வேண்டவே வேண்டாம் என்பதெல்லாம் வட்டிக் கணக்கு இல்லை, அது அந்த நகம், வளையத்தைப் பிரிக்கிற அந்த நகம்தான் என்று அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது. அவரிடம் ஒருத்தரும் அப்படிக் கேட்டு நிற்கக் கூடாது. பாவம். யாரும் கேட்கவும் முடியாதபடி முழுக்கக் கட்டிவிட்டார், இனி எந்தக் கம்பெனிக்காரனும் வந்து நிற்க முடியாது, நிற்பதென்றால் அவள்தான் நிற்க வேண்டும்.

எழுந்து கண்ணாடிச் சுவரோரம் போனாள். வெளியே ரோடு. ஒரு கரும்பு லாரி, பின்னாலேயே காலேஜ் பஸ், ஓரத்தில் ஒரு பெண் சைக்கிளில், கேரியரில் அரிசி மூட்டை, அந்த சைக்கிள் ஓரமாகத்தான் போகிறது, ஓரம் என்றால் வண்டி ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கம். சைக்கிள்காரர்கள், ஆட்டுக்குட்டிகள், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள், எல்லாருமே இடப்பக்கத்தில்தான் இருந்தார்கள், இத்தனை பேர் அந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்பதை அவள் இதுவரை கவனித்ததே இல்லை. திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தாள். வண்டி வரட்டும். எத்தனை முறை இதைச் சொல்லியிருப்பார்கள் அந்த வீட்டில். வண்டி வருவதற்கு முன்பே வண்டி வந்துவிட்டது, அதுதான் சங்கதி. கொல்லம்பாளையம் வீட்டு வாசலில் அதற்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள், எதிர்வீட்டுக்காரர் பைக்கை நிறுத்த வந்தால் "அங்க வேண்டாமுங்க, வண்டி நிக்கோணும்" என்பார் இவர், எதிர்வீட்டுக்காரர் எந்த வண்டி என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். பின்சீட்டில் ஜன்னல் யாருக்கு என்று பிரவீணா சண்டை போட்டாள், அப்புறம் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள், சண்டை முடியவில்லை, போனில் தொடர்ந்தது. பழனிக்குப் போகலாம், வண்டி வரட்டும். ஓசூருக்குப் போய்ப் பத்து நாள் இருக்கலாம், வண்டி வரட்டும். பஸ்ஸில் முட்டி மோதிக்கொண்டு எதற்கு, இத்தனை நாள் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்சம்தானே. அவளும்தான் சொன்னாள், அவர் மட்டுமில்லை. கம்பெனியில் கண் பரிசோதனை முகாம் வைத்தார்களே, ரெண்டு வருசம் இருக்குமா, அன்றைக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "கண்ணுக்குள்ள பிரசர் இருக்குதாம். பெருந்துறைல ஒரு கண்ணாஸ்பத்திரி இருக்குது, அங்க போயி முழுசாப் பாத்துப்போடுங்கன்னாங்க." "வலிக்குதுங்களா?" "வலியெல்லாம் ஒண்ணுமில்ல." "அப்பறம் என்ன, போலாமுங்க." "வண்டி வந்துரட்டும், வண்டியிலயே போயிட்டு வந்தரலாம்." செரி என்றாள். செரி என்றுவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போனாள். பெருந்துறைக்கு பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். பஸ் நாள் முழுக்க ஓடுகிறது. அரை மணி நேர பஸ்ஸுக்குப் பதிலாக ரெண்டு வருசம் காத்திருந்தார்கள், புத்திசாலிகள், ஊரே மெச்சும் சிக்கனக்காரர்கள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மண்டபத்தில்தான் முதலில் தெரிந்தது. பங்காளி வீட்டுக் கல்யாணம், சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது தாம்பூலப் பையை வாங்கி அவரிடம் நீட்டினாள், இடப்பக்கம் நின்று. அவர் பாட்டுக்கு நேரே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமோ என்று நினைத்தாள், பந்தியில் யாரும் சரியாகக் கவனிக்கவில்லையோ. "ஏனுங்க" என்றதும் உடம்பையே திருப்பிப் பார்த்து, "அட, நீ இங்கயா நிக்கற?" அங்கேதான் நின்றாள், தோளுக்கும் தோளுக்கும் ஒரு சாண் இல்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. கதவு நிலையில் அவருடைய இடது தோள் இடிக்கும், "இந்த நெலைய ஆரு இப்படி வெச்சது" என்பார், முன்னெல்லாம் இடித்ததில்லையே. ரோடு தாண்டும்போது பொம்மை மாதிரித் தலையை முழுசாகத் திருப்புகிறார். ஸ்கூட்டரை விற்றாரே, போன தைமாசம், கார் வரப்போகுது அது எதுக்கு தெண்டமா என்று, அது சிக்கனமா, இல்லை இந்தக் கண்ணாலா? ஒருநாள் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது இடப்பக்கம் போய் உட்கார்ந்து மெல்லக் கையைத் தூக்கி ஆட்டினாள். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனாள். திரும்பவில்லை. கட்டின பெண்டாட்டி திருட்டுத்தனமாக உட்கார்ந்து புருஷன் கண்ணுக்குப் பரீட்சை வைக்கிறாளே என்று வெட்கமாக இருந்தது, ஆனாலும் கையை இறக்க முடியவில்லை, கடைசியில் விரல்கள் மூக்குக்கு நேரே வந்தபோதுதான் திடுக்கிட்டு, "என்ன புள்ள, கொசுவா?" என்றார். கொசுதான் என்று சொல்லிவிட்டாள். சமையலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அவர் வண்டிக்குக் கலர் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்து நின்றார், முகமெல்லாம் சிரிப்பு, எப்படிச் சொல்வது? அதற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் பணம் கட்டும் நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் இருந்தது. இன்றைக்குக் காலையில் பிரவீணா போன் பண்ணி, "அப்பா ஓட்டிட்டு வெளிய வர்றத வீடியோ எடுத்து அனுப்பும்மா, மாமியார்கிட்டக் காட்டோணும்" என்றாள். செரி கண்ணு என்றாள். செரி, செரி, செரி. இந்த வாயில் வேறு வார்த்தையே வராதா?

"மேடம், வாங்க, அன்வெயில் பண்ணிரலாம்," என்று கீர்த்திகா கூப்பிட, கையை ஊன்றி எழுந்தாள். அவரைச் சுற்றி ஷோரூம் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு முனை பிடித்துத் துணியை இழுத்தார்கள். வெள்ளி நிறம். எல்லாரும் கை தட்டினார்கள். சென்னியப்பனின் கீழுதடு நடுங்கியது, அவள் பார்த்தாள், தன் கல்யாணத்திலும் பிரவீணா பிறந்தபோதும் நடுங்காத உதடு. கம்பெனிக்காரனின் வண்டியில் போய் அடுத்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்த மனுசன், எடுத்த வண்டிகளைக் குடோனில் வரிசையாக நிறுத்திவிட்டுக் கடைசி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்த மனுசன். இருக்கட்டும், இன்றைக்கு ஒரு நாள், வீடு வரைக்கும், மெதுவாகத்தான் ஓட்டுவார், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன், இடப்பக்கம் சைக்கிள், இடப்பக்கம் ஆட்டோ என்று, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம். ஜிஎச் ரவுண்டானா இருக்கிறதே. காளைமாட்டுச் சிலை இருக்கிறதே. ரயில்வே நுழைபாலத்தில் எத்தனை பேர் ஓரமாக நடப்பார்கள், ஸ்கூல் பிள்ளைகள். வேண்டாம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, பொட்டு வைத்தாயிற்று, யாரோ தேங்காயில் கற்பூரம் ஏற்றித் திருஷ்டி சுற்றினார்கள், கீர்த்திகா தட்டில் கற்பூரம் ஏற்றி அவர் தொட்டுக் கும்பிடுவதற்காக நீட்டினாள். நீட்டிக்கொண்டு நின்றாள். இடப்பக்கம். அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார்... சார்," என்றது அந்தப் பெண், சிரித்த முகத்தோடு. அவர் சட்டென்று திரும்ப முழங்கை தட்டில் பட்டது, கற்பூரம் தெறித்துப் பளபளப்பான டைல்ஸில் விழுந்து அங்கேயே எரிந்தது. ஒருத்தன் ஷூ காலால் மிதிக்கப் போய், மிதிக்கக் கூடாதென்று நின்றுகொண்டான். "பரவால்லீங்க சார், கீழ எரிஞ்சாலும் சாமிதானுங்க," என்றார் மேனேஜர். சென்னியப்பன் கற்பூரத்தைப் பார்க்கவில்லை. துளசிமணியைத்தான் பார்த்தார். ஒரு கணம்தான். அவள் பார்த்தாளா என்று பார்க்கிற பார்வை. அப்போதுதான் அவளுக்கு அந்த மணிக்கூண்டுப் பக்கத்து டிரைவிங் ஸ்கூல் ஞாபகம் வந்தது. ஜோடியாகச் சேர்ந்தால் ஒருத்தருக்குப் பாதிக் கட்டணம் என்று போர்டு போட்டிருந்ததால் அவளையும் சேர்த்துவிட்டார், ரெண்டு பேரும் லைசென்ஸ் எடுத்தார்கள், எடுத்தது மறந்துவிடக் கூடாதென்று வருசா வருசம் ஆயுத பூஜை முடிந்ததும் ஸ்கூல் வண்டியை எடுத்து ஆளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள், அவருடைய தவணையைப் போலவே அதுவும் தவறியதில்லை. போன வருசம் மட்டும், "எனக்கு எதுக்கு, எம்பட நேரத்தையும் சேத்து நீயே ஓட்டு, கை நல்லாப் பழகட்டும்" என்று பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ரெண்டு மணி நேரமும் அவள்தான் ஓட்டினாள், காசுக்குக் கணக்குப் பார்க்கிற மனுசன் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறாரே என்று சந்தோசப்பட்டுக்கொண்டே ஓட்டினாள். அப்படியென்றால் அவருக்குத் தெரியும். போன வருசமே தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், அவளைப்போலவே. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ரெண்டு பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றைக் கொண்டுவந்து ரெண்டு பேர் கையிலும் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். சிரிங்கம்மா என்றார்கள், சிரித்தாள். அப்புறம் நிஜச் சாவியை ஒரு சின்னத் தட்டில் பூவோடு வைத்து, இந்த முறை நேரே அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள் கீர்த்திகா, கெட்டிக்காரப் பெண். சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து வேல் கீசெயினை எடுத்தார். வளையத்தைப் பிரித்துச் சாவியைக் கோத்தார். கை நடுங்கவில்லை, நிதானமாக, இத்தனை வருசமாக மனசுக்குள் செய்து பழகிய காரியம்போல முடித்தார். ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். ஆணியில் சும்மா தொங்கிய வேல் முதல்முறையாகச் சாவியில் பட்டு ஓசை கேட்டது. "போலாமா புள்ள?" என்றார். அவள் தலையாட்டினாள். இப்போது சொல்ல வேண்டும். இத்தனை பேர் நிற்கிறார்களே. இவர்கள் போகட்டும் என்றால் இவர்கள் கேட் வரைக்கும் வந்து கையாட்டுவார்கள். வண்டிக்குள் ஏறியதும் சொல்லலாம். ஏறிவிட்டால் அவர் ஸ்டியரிங் பிடித்துவிடுவார், பிடித்தவரிடமிருந்து எப்படி. அவர் வலப்பக்கக் கதவுக்குப் போய்க்கொண்டிருந்தார், கால் எட்டிப் போட்டு, சின்னப் பையன் மாதிரி. யாரோ அந்தக் கதவைத் திறந்து பிடித்தார்கள். புது வண்டியின் வாசனை வெளியே வந்தது. அவள் கால்கள் இடப்பக்கக் கதவுக்குப் போகவில்லை. வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைத் தாண்டி, போய் அவருக்கு எதிரே நின்றுவிட்டாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கை மட்டும் நீண்டது, உள்ளங்கை விரிந்து. வாய் திறந்து குரல் வந்தது, உயராத குரல்.

"சாவியக் குடுங்க. மத்ததப் பொறவு பேசிக்கலாம்."

கீர்த்திகா விளையாட்டென்று நினைத்து, "ஓ, மேடம்தான் ஓட்டப்போறாங்களா, சூப்பருங்க மேடம்!" என்று கை தட்டினாள். இன்னும் ரெண்டு பேர் தட்டினார்கள். சென்னியப்பன் தரையைப் பார்த்தார். டைல்ஸில் கற்பூரம் எரிந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். அவர் முகம் போன போக்கை அவளால் பார்க்க முடியவில்லை, நீட்டிய கையை மடக்கிவிடலாமென்று இருந்தது, நானும் அவர்களில் ஒருத்தியாகிவிட்டேனே, வாசலில் வந்து நின்று கேட்கிறவளாகிவிட்டேனே, அதுவும் அவர் வார்த்தையாலேயே, எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை, பாவி. கையை மடக்கவில்லை. அவர் கட்டைவிரல் வளையத்தின் மேல் போனது. நகம் விளிம்பைத் தேடியது. அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் அவசரப்படுத்தக் கூடாது. நகம் வளையத்திலேயே நின்றது. பிறகு அவர் சாவியை அப்படியே அவள் உள்ளங்கையில் வைத்தார், வேலோடு. வைத்து அவள் விரல்களை மடக்கிவிட்டார்.

பானட்டின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டின் பூட்டைத் தேடித் தடுமாறினார், வலப்பக்கம் ஏறிய அவள் போட்டுவிட்டாள். வண்டியைக் கிளப்பியதும் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய சத்தம் கேட்டது, ஷோரூம்காரர்கள் மறுபடியும் தட்டினார்கள். கேட்டுக்கு வந்து நிறுத்தினாள். கண்ணாடியில் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், ஒரு லாரி போகட்டும் என்று நின்றாள். "லெப்ட்டுல நீதாம் பாத்துக்கோணும் துளசி," என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியறதில்ல." "தெரியுமுங்க," என்றாள். அவர் மூச்சு விடுவது கேட்டது. வலப்பக்கம் திரும்பினால் ஈரோடு, வீடு, வாசலில் விட்டுவைத்த இடம். அவள் இடப்பக்கம் திருப்பினாள். ஓரத்தில் சைக்கிள் ஒன்று போனது, அதற்கு வழிவிட்டு மெதுவாகப் போனாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவர் கவனித்தார்.

"ஏம்புள்ள, இது பெருந்துறை போற வழியாச்சே. எங்க போற?"

"வண்டி வந்துருச்சில்லீங்க," என்றாள் துளசிமணி.

வேல் அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.